நாலணாவும் வைர ஊசியும்

ஏட்டி,

இன்று காலை ஒரு நாலணா என் மேஜையிலிருந்து உருண்டோடி ஃபிரிட்ஜுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. விளக்குமாற்றுக் குச்சியை விட்டுத் துழாவி எடுத்தேன். ஒரு பக்கம் பழைய செல்லோடேப்பின் பசை இன்னும் பிசுபிசுத்தது. இந்தக் காசு செல்லாமல் போய்க் கொஞ்ச காலமாகிறது, பிச்சையாகப் போட்டால்கூடத் திட்டுவார்கள். கையில் எடுத்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. உன் டாடியின் நாலணா. நம் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த ஒரே எதிரி.

ரெக்கார்டு பிளேயரின் திருகாணிகளைப் போட்டு வைக்கும் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தபோதுதான் அது விழுந்தது. டப்பாவை எதற்குக் கவிழ்த்தாய் என்று கேட்பாய். கேள். புது கார்ட்ரிட்ஜ் வந்துவிட்டது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய பெட்டி, அதன் வயிற்றுக்கடியில் கொசுக்கால் கணக்காக ஒரு கம்பி, கம்பியின் நுனியில் கண்ணை எவ்வளவு இடுக்கினாலும் தெரியாத வைரத் துணுக்கு. இசைத்தட்டின் பள்ளத்தில் அந்தத் துணுக்கு ஓடினால்தான் பாட்டு. ஆறு வருடம் ஓடிய நம் பழைய ஊசி தேய்ந்துபோய், பாட்டில் ‘ச’ வரும் இடத்திலெல்லாம் சீற ஆரம்பித்திருந்தது. அதே மாடலை இப்போது யாரும் செய்வதில்லையாம். ஆகவே மறுபடியும் முதலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது, இந்தத் தடவை நீ இல்லாமல்.

இரண்டு மாதமாக எனக்கு இதே பித்து. பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருந்தபோதுகூட இத்தனை படபடப்பு இல்லை. ஏனென்றால், நீ சொல்லி நான் நம்பாமல் போன ஒரு விஷயம் உண்மையா இல்லையா என்பது இந்த ஊசியின் கையில் இருந்தது. அதை ஆர அமரச் சொல்கிறேன். நீ பொறுமை இல்லாதவள், ஆனாலும் இன்றைக்குப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், குறுக்கே பேச உனக்கு வழியில்லை.

நான் கோவில்பட்டியிலிருந்து இரண்டு சூட்கேசோடு வந்து இறங்கியபோது மாதாப்பூரில் வாரத்துக்கொரு கண்ணாடிக் கட்டடம் முளைத்துக்கொண்டிருந்தது. அதில் ஒன்றில், மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் டெஸ்டிங் குழுவில், எனக்கு அடுத்த நாற்காலி உன்னுடையது. முதல் வாரம் என்னுடைய டெஸ்ட் ஒன்று பாஸானதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாய்:

“ஒருக்கா பாஸானா அது தற்செயல். இன்னொருக்கா ஓட்டு.”

இந்த ஊரில் யாரடா ‘இன்னொருக்கா’ என்கிறது என்று நான் நின்றுவிட்டேன். விசாரித்தால், உன் பூட்டனார் பாளையங்கோட்டைக்காரர், ரயில்வே வேலைக்காகச் செகந்திராபாத் வந்தவர். நாலு தலைமுறை ஆகியும் உங்கள் வீட்டில் அந்தத் தமிழ் அப்படியே இருந்தது, நடுநடுவே ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, எதற்கு என்பதற்குக் கைக்கு என்று இந்த ஊர் உருதுவும் கலந்து. அன்றைக்கு இன்னொருக்கா ஓட்டினேன். டெஸ்ட் ஃபெயிலானது. அன்றிலிருந்துதான் நாம் சிநேகிதம்.

அந்த இசைத்தட்டை நீ எனக்குக் காட்டியது ஒரு கிறிஸ்துமஸ் மறுநாள், மாரேட்பள்ளியில் உங்கள் வீட்டில். சின்னத் தட்டு, உறையில் உங்கள் சபையின் பாடகர் குழு வரிசையாக நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். குழுவினரே காசு போட்டு, தேவாலயத்திலேயே பதிவு செய்து, சபையாருக்கு மட்டும் விற்றது. முதல் பக்கத்தில் ஒரு கீர்த்தனை. அதில் கடைசிச் சரணத்தை உன் மம்மி தனியாகப் பாடியிருக்கிறார். உனக்குப் பதினொரு வயதாகும்போது அவர் போய்விட்டார். அந்தக் குரலுக்கு உலகத்தில் மிச்சமிருந்தது இந்த ஒரு தட்டுதான், சபை முழுக்கத் தேடியும் வேறு பிரதி அகப்படவில்லை.

அதையும் உன் டாடி தினமும் போட்டுப் போட்டுச் சாம்பல் நிறமாக்கி வைத்திருந்தார். வீட்டுப் பழைய பிளேயரில் கடைசிச் சரணம் வரும்போது ஊசி துள்ளுமாம். துள்ளாமலிருக்க ஊசியைத் தாங்கும் கையின் தலையில் ஒரு நாலணாவை செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஊரெல்லாம் செய்த வைத்தியம்தான். ஊசி துள்ளவில்லை, காசின் கனத்தில் பள்ளத்தை உழுதுவிட்டது. அந்தப் பிளேயரும் ஒருநாள் ஓய்ந்துபோனது. எனக்குப் போட்டுக் காட்ட உன்னிடம் எதுவுமில்லாமல், தட்டை மட்டும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினாய்.

அப்போது சொன்ன கதைதான் எல்லாவற்றுக்கும் காரணம். பதிவு நடந்த அன்று உனக்கு நாலு வயது. முன் பெஞ்சில் உன் அத்தை மடியில் இருந்தாய். மம்மி சரணத்தை முடித்த அடுத்த நிமிஷம் நீ ஏதோ கத்திவிட்டாய். குழுத் தலைவருக்குக் கோபமான கோபம், ஆனால் மறுபடி பதிவு செய்ய நேரமில்லை. அப்படியே தட்டில் விட்டுவிட்டார்கள் என்று அத்தை சொல்லியிருக்கிறார். என்ன கத்தினாய் என்று அத்தைக்கு நினைவில்லை, உனக்கும் இல்லை.

“அதெல்லாம் வெட்டிட்டாங்கம்மா. நான் ஆயிரம் வாட்டி போட்டுட்டேன், ஒண்ணும் கேக்காது” என்றார் உன் டாடி.

“இருக்கு டாடி. உங்க நாலணாவாலதான் கேக்கல” என்று நீ சிலிர்த்துக்கொண்டாய்.

அதற்குப் பிறகு நமக்கு வாய்த்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு துள்ளுகிறது. சனத்நகரில் ஒரு பழைய தொழிற்சாலையில் அதிகாரிகளின் மனமகிழ் மன்றத்தை இழுத்து மூடி, சாமான்களை ஏலம் விட்டார்கள். கேரம் போர்டுகளுக்கும் உடைந்த டேபிள் டென்னிஸ் மேஜைக்கும் நடுவே ஒரு ஜப்பான் ரெக்கார்டு பிளேயர். நீ அதன் சுழல்தட்டைக் கையால் சுழற்றிவிட்டாய், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. வளைந்த, கனத்த உலோகக் கை. எல்லாம் சரி, கையின் நுனியில் கார்ட்ரிட்ஜ் மட்டும் இல்லை, யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஆட்டோவில் அதைப் பச்சைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் நீ டிரைவரிடம் “பையா, ஆஹிஸ்தா” என்று மெதுவாகப் போகச் சொல்லிக் கெஞ்சியதில் அவர் கடைசியில் நம் பக்கம் திரும்பி, உள்ளே என்ன சாமி சிலையா என்று கேட்டுவிட்டார்.

அப்புறம் அந்த எக்செல் ஷீட். ஐயோ, அந்த ஷீட். இணையத்தில் கிடைத்த ஒன்பது கார்ட்ரிட்ஜ்களைக் கீழே கீழே எழுதி, குறுக்கே பதினாலு பத்தி போட்டோம். ஊசி முனையின் வடிவம், எடை, சத்தத்தின் அளவு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். பெயர்கள் வாயில் நுழையாததால் நிறத்தை வைத்துக் கூப்பிட்டோம். நீலக்காரன், சிவப்புக்காரன், கறுப்பன். கேண்டீனில் தோசை ஆறிப்போகும் வரை நீலக்காரனுக்காக நீயும் சிவப்புக்காரனுக்காக நானும் வாதாடியதைப் பார்த்து, நமக்குக் கல்யாணத்துக்கு வரன் பார்க்கிறார்கள் என்று பக்கத்து மேஜைக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். கூட்டிப் பார்த்ததில் நீலக்காரன் ஜெயித்தான். ஆன்சைட் என்று வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பிவரும் ஒவ்வொருவரிடமும் ஆபீசில் ஒரு பட்டியல் கொடுப்பார்களே, சாக்லேட், சென்ட் பாட்டில் என்று. நாம் கொடுத்தது ஒரே ஒரு கார்ட்ரிட்ஜ். பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே கொண்டுவரவேண்டும் என்று நீ அந்த மனுஷருக்கு மூன்று மெயில் அனுப்பினாய்.

மாட்டினோம். போட்டோம். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு தவளைத் தொண்டை மாதிரி உள்ளேயும் வெளியேயும் போய் வந்தது. தட்டு லேசாக வளைந்திருந்த இடத்தில் கை எம்பியது, ஊசி வழுக்கி ஓடியது. பயந்துபோய்த் தூக்கிவிட்டேன். நீ தரையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டாய்.

தப்பு எங்கே என்று தெரிந்தபோது அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நீலக்காரனின் கம்பி மிகவும் மெத்தென்றது, இறகு மாதிரி கனமில்லாத கைக்கென்று செய்தது. நம் பிளேயரின் கையோ உலக்கை. லாரிக்குச் சைக்கிள் ஸ்பிரிங் மாட்டிய கதை. பதினாலு பத்தி போட்ட நாம் ‘எந்தக் கையில் மாட்டப் போகிறோம்’ என்று ஒரு பத்தி போடவில்லை. தனித்தனியாகச் சோதித்துவிட்டுச் சேர்த்துச் சோதிக்க மறந்துவிட்டார்கள் என்று டெவலப்பர்களைத் தினமும் காய்ச்சி எடுக்கும் நாம், நம் வீட்டு வேலையில் அதையே செய்திருந்தோம். இதை ஆபீசில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று நீ என்னிடம் சத்தியம் வாங்கினாய். இன்றுவரை சொல்லவில்லை.

நம்மைக் காப்பாற்றியவர் பட்டான்செரு மூர்த்தி காரு. மருந்துக் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கும் கெமிஸ்ட், ரெக்கார்டு பைத்தியம், இணையத்தில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் போட்டவர். ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேரோடு நெருக்கியடித்துக்கொண்டு, நீலக்காரனை என் டிபன் பாக்ஸில் பஞ்சு சுற்றி வைத்து எடுத்துப் போனோம். அவருடைய பிளேயரின் கை மெலிசு, அவரிடம் இருந்த பழுப்பு நிறக் கார்ட்ரிட்ஜோ விறைப்பானது, கனத்த கைக்கு ஏற்றது. அவரிடம் நீலக்காரன் பூப்போல உட்கார்ந்தான், பழுப்பன் நம்மோடு வந்தான். மாற்றிக்கொண்டதில் இரண்டு தரப்புக்கும் அப்படி ஒரு சந்தோஷம், மூர்த்தி காரு வீட்டம்மா சம்பந்தம் பேசி முடித்த மாதிரி பூர்ணாலு இனிப்புச் செய்து போட்டார்.

பழுப்பன் பாடிய அந்த முதல் நாள். புருவம் திருத்தும் இடுக்கியால் நாலு நிற ஒயர்களை நீதான் மாட்டினாய், நான் டார்ச் பிடித்தேன். இரைச்சலுக்கும் பொரிச்சலுக்கும் நடுவே குழு பாடியது, நின்றது. பிறகு ஒரு பெண் மூச்சு இழுக்கும் சத்தம். பாட்டு தொடங்கும் முன்னாலே அந்த மூச்சு. நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய், வளையல் ஒன்று நெளிந்துவிட்டது. உன் மம்மி பாடினார். சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்த உன் டாடி கதவருகிலேயே நின்றார், கரண்டியிலிருந்து சாம்பார் தரையில் சொட்டியதை அவர் கவனிக்கவே இல்லை. நான் என் வாழ்க்கையில் கேட்டதிலேயே நல்ல சத்தம் அந்த ஒரு மூச்சுதான்.

ஆனால் நீ கேட்கக் காத்திருந்தது வரவில்லை. சரணம் முடிந்ததும் கரகரவென்று ஒரே இரைச்சல், அதோடு பக்கம் முடிந்தது. தட்டின் நடுவட்டத்துக்கு அருகில் வரும் கடைசிப் பள்ளங்கள் இயல்பாகவே நெருக்கமானவை, ஊசிக்குக் கஷ்டமான இடம். டாடியின் நாலணா ஊன்றி உழுததும் அங்கேதான்.

பிளேயரின் குறைகளை எழுதிவைக்க நீ ஷீட்டில் இரண்டாவது பக்கம் ஒன்று வைத்திருந்தாய், ஆபீசில் பிழைகளுக்கு எண் கொடுக்கிற மாதிரியே. ஒன்று, இடது பக்கம் உறுமல். இரண்டு, மூடி சரியாக நிற்கவில்லை. அப்படியே ஏழாம் எண்ணில் எழுதினாய்: ‘கடைசியில் என் சத்தம் கேட்கவில்லை. மிக முக்கியம்.’ சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையது. பத்துத் தடவை கேட்டுவிட்டு எதிரே எழுதினேன்: ‘கெனாட் ரீப்ரொட்யூஸ்.’ நீங்கள் சொல்லும் பிழை எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று டெவலப்பர்கள் கைகழுவும்போது எழுதும் வாசகம். எவன் அதை எழுதினாலும் நீ சண்டைக்குப் போவாய். அன்றைக்கு நானே எழுதினேன்.

“ஏட்டி, புளுகாத. உங்க அத்தை கதை விட்டிருக்காங்க. இருந்தா கேக்காதா?” என்றேன்.

நீ சண்டை போடவில்லை. “ஹவ், சரி. ஆனா நான் மூடமாட்டேன்” என்றாய். பிழையை எழுப்பியவர்தான் அதை மூடவேண்டும், வேறு யாருக்கும் உரிமை கிடையாது. அது நம் தொழிலின் சட்டம், அதில் மட்டும் நீ விட்டுக்கொடுத்ததே இல்லை. மம்மியின் குரலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தோம், உறுமலைச் சரிசெய்தோம், மூடியை மாற்றினோம். ஏழு மட்டும் அப்படியே நின்றது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ‘புளுகினிக்கு வாழ்த்து’ என்று நான் அட்டை எழுதினேன்.

உன் நோயைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை, ஆனால் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, புராஜெக்ட் முடியட்டும் என்று இரண்டு மாதம் யாரிடமும் வாய்திறக்காமல் இருந்தாயே, அது எந்த ஊர் நியாயம்? ஒரு பிழையை ஒருநாள் தள்ளிப் போட்டவனை நீ விட்டுவைத்ததுண்டா? இதை உன்னிடம் நேரில் கேட்கத் தைரியம் வரவில்லை. இப்போதும் கேட்டு முடித்தபாடில்லை.

உன் கடைசி வேனிலில் ஏ.எஸ்.ராவ் நகரில் என் வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பிளேயர், ஸ்பீக்கர், தட்டு, பிஸ்கட் டப்பா. கைக்கு இதெல்லாம் எனக்கு என்று போனில் உன் பாஷையிலேயே அழுதேன். உன் குரல் மெலிந்திருந்தது, ஆனால் கிண்டல் மெலியவில்லை.

“டாடி கையில கொடுத்தா மறுபடி நாலணா வச்சிருவார். நீயே வச்சுக்க. ஏழாம் நம்பரைப் பாத்துக்க.”

அதைப் பார்த்துக்கொள்ளத்தான் இந்த இரண்டு மாதப் பித்து. பழைய ஷீட்டைத் திறந்தேன். பதினைந்தாவது பத்தியாக ‘கை’ என்று முதலில் சேர்த்தேன், நீ சிரித்திருப்பாய். கனத்த கைக்குப் பொருந்தாத எல்லோரையும் அடித்ததில் மூன்று பேர் மிஞ்சினார்கள். ஒருவன் பழுப்பனின் தம்பி, வம்பில்லாதவன். இன்னொருவன் உருண்டை முனைக்காரன், பழைய தட்டுக்கு இவன்தான் தோது என்று எல்லோரும் சொன்னார்கள். மூன்றாமவன் ஒல்லி, நீளம், கத்தி விளிம்பு மாதிரி முனை.

தம்பியை எடுத்திருப்பேன். எதற்கும் ஒரு வார்த்தை கேட்போமென்று மூர்த்தி காருவுக்குப் போன் போட்டேன். டாடி வீட்டுப் பழைய பிளேயரின் ஊசி எப்படிப்பட்டது என்று கேட்டார். உருண்டை முனை, காசு வைத்தது என்றேன். அவர் தெலுங்கில் சொன்னது இதுதான்: உருண்டை முனை பள்ளத்தின் பாதி ஆழத்தில் சுவரை உரசியபடி ஓடும். அந்த உயரத்தில் சுவர் தேய்ந்து போயிருக்கும். அதே மாதிரி முனையைப் போட்டால் அதே குழிகளில்தான் விழுந்து எழுந்து போகும், பழுப்பனும் ஏறக்குறைய அந்தத் தடத்தில்தான் போனான். ஒல்லி முனை அடிவரைக்கும் இறங்கும். அங்கே காசின் கை எட்டியிருக்காது.

இன்றைக்கே வாங்கிவிடுகிறேன் என்றேன். ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். கத்தி முனை, கோணம் தப்பினால் பள்ளத்தையே சீவிவிடும். இருப்பதோ ஒரே தட்டு. கம்ப்யூட்டரில் இருக்கும் பிரதியில் மம்மி இருக்கிறார், நீ இல்லை. ஒரு வாரம் யோசித்தேன். வம்பில்லாத தம்பியா, உன்னைத் தேடிப் போகக்கூடிய ஒல்லியா? நீயாக இருந்தால் என்ன சொல்வாய் என்று யோசித்த மாத்திரத்தில் பதில் தெரிந்துவிட்டது. ‘கைக்கு பயப்படறே?’

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் ஊருக்குப் போயிருக்கிறார்கள், விடிந்ததிலிருந்து வேலையை ஆரம்பித்தேன். நீ ஆபீஸ் பிரிண்டரில் எடுத்து வைத்திருந்த கோணம் பார்க்கும் காகிதம் டப்பாவில்தான் இருந்தது. புருவ இடுக்கி, டார்ச், பூதக்கண்ணாடி. வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று நாலு ஒயர். ஊசியின் பாரத்தை நாலு தடவை நிறுத்தேன். முதலில் கெட்டுப்போனாலும் கவலையில்லாத ஒரு தட்டைப் போட்டுப் பார்த்தேன், பாஸ். இன்னொருக்கா போட்டேன், பாஸ். அதற்குப் பிறகுதான் உறையிலிருந்து உங்கள் தட்டை எடுத்தேன்.

குழு பாடியது. இரைச்சல் பாதியாகியிருந்தது, நடுவில் யாரோ ஒருவர் சுருதி விலகுவதுகூடக் கேட்டது. மூச்சு. உன் மம்மி. கடைசி வார்த்தையை அவர் இழுத்து நிறுத்தியபோது ஸ்பீக்கரோடு காதை ஒட்டிவைத்தேன். மண்டபத்தில் எதிரொலி அடங்கியது. யாரோ செருப்புக்காலை நகர்த்தினார்கள். அப்புறம், தூரத்திலிருந்து, கீச்சென்று, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் ஒரு குழந்தை:

“இன்னொருக்கா!”

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். ஒன்றுமில்லை, என் சிநேகிதி என்றேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

உன் டாடிக்குப் போன் போட்டேன், விஷயம் சொல்லவில்லை. ஆராதனை முடிந்து அதே வெள்ளைச் சட்டையோடு ஆட்டோ பிடித்து வந்தார். அவர் வந்து உட்காரவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. ஒரு மணி நேரம் அவருக்குக் காப்பியும் கதையும் கொடுத்து உட்கார வைப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. மின்விசிறி சுழன்றதும் பாய்ந்து போய்ப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். சரணம் முடிந்ததும், பழகிய மனுஷர், எழுந்திருக்கப் போனார். தோளைப் பிடித்து அழுத்தினேன். நீ கத்தினாய்.

“அன்னிக்கு நான் வெளிய நின்னேம்மா. இவ மம்மி பாடிட்டுச் சிரிச்சுக்கிட்டே வந்தா. என்னன்னு கேட்டதுக்கு, உங்க மகளைக் கேளுங்கன்னா” என்றார். அப்புறம், “நான் கேக்கவே இல்ல” என்றார்.

சுவரில் சாய்ந்து நான் அழுதேன், அவரும் அழுதார். பிறகு அவர்தான் முதலில் சிரித்தார். மேஜையில் கிடந்த நாலணாவைப் பார்த்துவிட்டார். எடுத்துத் திருப்பிப் பார்த்து, இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறாய், தூக்கிப் போடு என்றார். நான் கொடுக்கவில்லை. வருடக்கணக்காக இந்தக் காசு மேலே உழுதுகொண்டிருந்தபோது, நீ அதே பள்ளத்தின் அடியில் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறாய். அது டப்பாவிலேயே இருக்கட்டும்.

அவரை ஆட்டோ ஏற்றிவிட்டு வந்து ஷீட்டைத் திறந்தேன். ஏழாம் எண்ணுக்கு எதிரே நான் எழுதியிருந்த அந்த அவமானத்தை அழித்தேன். ‘சரி. கேட்டது. தேதி இன்று’ என்று எழுதினேன். புளுகினி என்று சொன்னதற்கெல்லாம் மன்னித்துக்கொள், பிறந்தநாள் அட்டைகள் உட்பட. கடைசிப் பத்தியில் ‘மூடியவர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆறு பிழைகளுக்கு எதிரே உன் பெயர் இருக்கிறது. ஏழாவதில் என் பெயரைப் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் கை வரவில்லை. எழுப்பியவள் நீ, மூடவேண்டியவளும் நீ.

அது திறந்தே கிடக்கட்டும். எப்படியும் ஒருக்கா கேட்டால் தற்செயல் என்பாய். நான் கேட்டது ஒன்று, டாடியோடு கேட்டது இரண்டு. இந்த மடலை எழுதும் முன் மூன்றாவது தடவையும் போட்டேன். மூன்று தடவையும் பாஸ்தான், ஆனாலும் நீ அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு ‘இன்னொருக்கா’ என்றுதான் சொல்கிறாய்.